போட்ட காசு ஏன் திரும்பி வருவதில்லை? மாற்றங்கள் செய்த பழைய மியாட்டாவை விற்பது பற்றிச் சில குறிப்புகள்

ஒரு கூட்டல் கணக்கில் தொடங்கலாம். ஒருவர் 7,000 டாலருக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார். அடுத்த ஆறு வருஷத்தில் டர்போ, சஸ்பென்ஷன், சக்கரம், சீட், எக்ஸாஸ்ட் என்று அதில் இன்னொரு 11,000 டாலரைக் கொட்டுகிறார். ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. இப்போது காரை விற்க வேண்டும். ரெண்டையும் கூட்டி 18,000 கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், தருவதற்குத்தான் ஆள் இருக்காது. 9,000 வந்தாலே நல்ல விலை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வருஷத்து, அதே நிறத்துக் கார் ஒன்று, கம்பெனியிலிருந்து வந்தபடியே ஒரு போல்ட் கூட மாறாமல் பக்கத்துத் தெருவில் நின்றால் அது 14,000-க்குப் போய்விடும். இவை உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள்தான். ஆனால் கணக்கின் வடிவம் பெரும்பாலும் இதுதான்: காசு போட்ட கார் மலிவு, கை வைக்காமல் விட்ட கார் விலை அதிகம்.

எனக்குக் கார் விற்பது தொழில் இல்லை. ஆனால் பொருளாதாரம், மெக்கானிக் வேலை, சட்டம், கொஞ்சம் மனசாட்சி எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி இது. அதனால் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்தும், நாலு பேரிடம் பேசியும் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் கார்?

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் அதற்குப் பெயர் மியாட்டா. அதிலும் 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை. ரசிகர்கள் இதை ‘என்ஏ’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பட்டனை அழுத்தினால் மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள் இந்தத் தலைமுறையில் மட்டும்தான் உண்டு.

1960-70களில் கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் இரண்டு சீட் கார் என்றால் பிரிட்டன்தான். எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான். ஓட்டினால் சொர்க்கம். ஆனால் எண்ணெய் ஒழுகும், மழை பெய்தால் வயரிங் மக்கர் பண்ணும். 1980-ல் எம்ஜிபி உற்பத்தியே நின்றுபோனது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1979-ல், பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், அந்த பிரிட்டிஷ் கார்கள் மாதிரி எளிமையாக, மலிவாக ஒன்றை நீங்கள் செய்யுங்களேன் என்று சொன்னார். பிறகு ஹாலே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். பத்து வருஷம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் மியாட்டா வெளியே வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குப் பக்கம், ஆரம்ப விலை 13,800 டாலர். 1994 மாடலில் எஞ்சின் 1.8 லிட்டர் ஆனது. முதல் தலைமுறை மட்டும் 4 லட்சத்துக்கு மேல் விற்றது.

இந்தக் காரை ஏன் எல்லோரும் மாற்றினார்கள்? முதலில், பழசான பிறகு ரொம்ப மலிவாகக் கிடைத்தது. வீட்டு கராஜிலேயே பிரித்து மாட்டலாம். எஞ்சின் உறுதியானது. டர்போ கிட்டிலிருந்து வி8 எஞ்சினை உள்ளே இறக்குவதற்கான கிட் வரை கடையில் வாங்கலாம். கல்லூரிப் பையன் கூட வாங்கி, வெட்டி, ஒட்டி, ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகினான்.

அப்படி வெட்டி ஒட்டியதன் விளைவு முப்பது வருஷம் கழித்துத் தெரிகிறது. கை படாத மியாட்டா அரிதாகிவிட்டது. 2017-ல் மாஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் பழையபடி புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்தது. துணிக் கூரை, நார்டி மர ஸ்டியரிங், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயர் வரைக்கும் மறுபடி தயாரித்தார்கள். தயாரித்த கம்பெனியே ‘பழையபடி’ என்பதற்கு ஒரு மதிப்பு கொடுத்துவிட்டது. சந்தையும் அதே பக்கம் சாய்ந்தது.

இது பாதி விடைதான். அரிதான பொருளுக்கு விலை ஏறுவது சரி. மாற்றிய காரின் விலை ஏன் இறங்க வேண்டும்?

எலுமிச்சம்பழச் சந்தை

அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘லெமன்’ என்றால் வாங்கின பிறகு தலைவலி கொடுக்கும் கார். 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் இந்த லெமன்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வெளிவருவதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதற்கு அடிப்படையாக இருந்தவற்றில் முக்கியமானது அந்தக் கட்டுரை.

அவர் சொன்னதை மியாட்டாவுக்கு மாற்றிச் சொல்கிறேன். சந்தையில் நல்ல கார் பாதி, மோசமான கார் பாதி என்று வைத்துக்கொள்வோம். நல்லதற்கு 12,000 தரலாம், மோசமானதற்கு 4,000-தான். விற்பவருக்குத் தன் கார் எது என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அப்போது வாங்குபவர் என்ன செய்வார்? சராசரி போட்டு 8,000-க்கு மேல் போக மாட்டார். நல்ல கார் வைத்திருப்பவர், “8,000-க்கா? வேண்டாம், நானே வச்சுக்கறேன்” என்று விலகிவிடுவார். மோசமான கார் வைத்திருப்பவர் சந்தோஷமாக நிற்பார். சந்தையில் மோசமான காரின் விகிதம் கூடக் கூட, வாங்குபவர் தரும் விலை இன்னும் இறங்கும். அதாவது வாங்குபவர் விலை போடுவது கண்ணுக்குத் தெரியும் காருக்கு மட்டும் இல்லை, தனக்குத் தெரியாத பகுதிக்கும் சேர்த்துத்தான்.

மாற்றங்கள் செய்த காரில் இந்தத் தெரியாத பகுதி ரொம்பப் பெரியது. கம்பெனி கட்டிய எஞ்சினுக்குக் கம்பெனியின் பணிமனைக் கையேடு இருக்கிறது. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது முதற்கொண்டு அதில் உண்டு. கராஜில் மாட்டிய டர்போவுக்கு என்ன கையேடு? மாட்டியவர் மனசுக்குள் இருப்பதுதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு வரி குறிப்பு கூட எழுதாத பழைய கோடை வாங்குகிற மாதிரி. எழுதினவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. தொட பயம். அதற்கு முழு விலை யார் தருவார்கள்?

இது தவிர இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்று, ருசி. பச்சை நிறச் சக்கரம் உங்களுக்கு அழகு, நூற்றில் தொண்ணூறு பேருக்கு அதைக் கழற்றும் செலவு. இரண்டு, கூலி. 11,000-ல் ஒரு பெரிய பங்கு உழைப்புக்கும், திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததற்கும் போனது. அது காரில் ஒட்டியிருக்காது. மீதி இருப்பது ஓடின பாகங்கள், அவற்றுக்குப் பழைய சாமான் விலைதான்.

மூன்று விதமான மாற்றங்கள்

எல்லா மாற்றமும் ஒரே மாதிரி விலையைக் குறைப்பதில்லை. நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். பிரிக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இதைப் பழையபடி ஆக்க முடியுமா?

முதல் வகை, எப்படியும் தேய்ந்து மாற்ற வேண்டியதை இன்னும் நல்லதாக மாற்றியது. முப்பது வருஷப் பிளாஸ்டிக் தொட்டி வைத்த ரேடியேட்டருக்குப் பதில் அலுமினியம். செத்துப்போன ஷாக் அப்சார்பருக்குப் பதில் நல்ல கம்பெனி ஷாக். மஞ்சள் பூத்து, மடித்து மடித்து வெடித்த பிளாஸ்டிக் பின் ஜன்னலுக்குப் பதில் கண்ணாடி ஜன்னல் வைத்த துணிக் கூரை. இவற்றை யாரும் குறை சொல்வதில்லை. ‘எனக்கு அந்தச் செலவு மிச்சம்’ என்றுதான் வாங்குபவர் நினைப்பார்.

இரண்டாவது வகை, போல்ட்டைக் கழற்றினால் திரும்பிவிடுவது. சக்கரம், ஸ்டியரிங், சீட், எக்ஸாஸ்ட், காயில்ஓவர் சஸ்பென்ஷன். இங்கே எல்லாமே ஒரு அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. கழற்றிய பழைய சாமானைப் பெட்டி போட்டு வைத்திருந்தீர்களா, இல்லை தூக்கிப் போட்டீர்களா? பெட்டி இருந்தால் வாங்குபவருக்கு இரண்டு காரில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். பெட்டி இல்லாவிட்டால் உங்கள் ருசிதான் அவருக்கு விதி.

மூன்றாவது வகை, திரும்ப வராதது. அகலமான டயருக்காக ஃபெண்டரை வெட்டியது. தரையில் வெல்டிங் வைத்தது. பழைய வயரிங்கை நறுக்கிவிட்டுப் புதிதாக இழுத்தது. வி8 இறக்கியது. இதில் ரொம்ப நேர்த்தியாகச் செய்த கார்களும் உண்டு. கொலராடோவில் இருக்கும் ஃப்ளையின் மியாட்டா போன்ற, இதையே தொழிலாகச் செய்கிற இடங்களின் பாகங்களும் பெயரும் இருந்தால் ஆள் தேடி வருவார்கள். ஆனால் அந்த ஆட்கள் குறைவு. ஒரு வருஷம் காத்திருக்கத் தயாராக இருந்தால்தான் அந்த விலை.

மேலே சொன்ன டர்போ இரண்டாவதிலா, மூன்றாவதிலா? அதை மாட்டிய விதத்தைப் பொறுத்தது. பழைய வயரிங்கில் சொருகுகிற மாதிரி தனி இணைப்புக் கம்பி செய்து, பழைய காற்று அளவு மீட்டரையும் ஈசியூவையும் பெட்டியில் வைத்திருந்தால் இரண்டாவது. கத்தரியால் வெட்டி, கறுப்பு டேப் சுற்றியிருந்தால் மூன்றாவது.

வாங்க வருபவர் எங்கே குனிந்து பார்ப்பார்

விஷயம் தெரிந்தவர் வந்தால் டர்போவை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் குனிந்து, பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதியைத் தட்டுவார். ராக்கர் பேனல் என்பார்கள். துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துவாரம் வழியாகக் கீழே இறங்கி வெளியேற வேண்டும். அதில் காய்ந்த இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தப்பான இடத்தில் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம். இந்தக் காரில் தனி சேஸி கிடையாது, கூரையும் கிடையாது. உறுதி முழுக்க அந்தக் கீழ்ப்பகுதியில்தான். அதனால் அங்கே துரு என்றால் டர்போவுக்கு என்ன விலை போட்டாலும் வீண்.

சிலர் பெயிண்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவியோடு வருவார்கள். கம்பெனி பெயிண்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் 600, 800 என்று எகிறினால் அங்கே டிங்கரிங் செய்து பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது கிராங்க் ஷாஃப்ட். 1990 மாடலிலும் 1991-ன் முதல் பாதியிலும் வந்த கார்களில் கிராங்கின் முன் மூக்கு சின்னது. டைமிங் பெல்ட் மாற்றும்போது முன் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால், பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் சின்ன இரும்புத் துண்டு ஆடி ஆடி, அது உட்காரும் காடியையே தேய்த்துவிடும். எஞ்சின் நேரம் தப்பும், இழுவை போய்விடும். பிறகு மாஸ்டா அந்த மூக்கைப் பெரிதாக்கியது. ஆகவே இந்த வருஷங்களின் காரை விற்கிறீர்கள் என்றால் ‘யார், எப்போது டைமிங் பெல்ட் மாற்றினார்கள்’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ரசீது கையில் இருக்கட்டும்.

டர்போ வைத்த 1.6 கார் என்றால் இன்னொரு கேள்வியும் வரும்: பின்னால் டிஃபரன்ஷியல் எது? 1993 வரை வந்தது சின்னது, கூடுதல் இழுவை தாங்காமல் உடையும். அதனால் 1994-க்குப் பிந்தைய 1.8 காரின் பெரிய டிஃபரன்ஷியலை மாற்றிவைப்பது வழக்கம். மாற்றியிருந்தால் அதை விளம்பரத்தின் மேல் வரிகளிலேயே சொல்ல வேண்டும். செய்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

சொல்லாமல் விடக் கூடாதது

இதுவரை சொன்னது பணம். இனி சொல்லப்போவது உயிர்.

அமெரிக்காவில் விற்ற எல்லா மியாட்டாவிலும் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் உண்டு, 1994-லிருந்து பயணி பக்கமும். ஆனால் மாற்றம் செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது ஸ்டியரிங்கில்தான். அழகான சின்ன ஸ்டியரிங் வரும், ஏர்பேக் போகும். எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஒரு ரெசிஸ்டர் மாட்டிவிடுவார்கள். வாங்குபவர் டாஷ்போர்டைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ரோல் பாரும் அப்படித்தான். கவிழ்ந்தால் காப்பாற்றும். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு நெருக்கமாக, தடித்த நுரை சுற்றாத இரும்புக் குழாய் இருந்தால், பின்னாலிருந்து ஒருவர் இடிக்கும்போது அதே குழாய்தான் மண்டையைப் பிளக்கும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் 1992 மியாட்டாவை விற்க முடிவு செய்தார். ஏர்பேக் இல்லாத ஸ்டியரிங், பழையது பெட்டியில் இல்லை. முதலில் வந்தவர் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பேச்சுவாக்கில், கார் கல்லூரி போகும் மகளுக்கு என்றார். நண்பர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “சார், இதுல ஏர்பேக் கிடையாது. லைட் எரியாததை வச்சு இருக்குன்னு நினைச்சுடாதீங்க” என்றார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, 900 டாலர் குறைவாக, வார இறுதியில் டிராக்கில் ஓட்டுகிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஏர்பேக் இல்லாதது முன்னாலேயே தெரியும், ஹெல்மெட்டும் வைத்திருந்தார்.

தனிநபர் விற்கும் கார் பெரும்பாலும் ‘இருக்கிறபடியே’ என்ற கணக்கில்தான் கைமாறுகிறது. விற்ற பிறகு கியர்பாக்ஸ் போனால் அது வாங்கியவர் பாடு. ஆனால் தெரிந்தே பொய் சொல்வது அந்தப் பாதுகாப்புக்குள் வராது. சட்டத்தை விடுங்கள், 900 டாலருக்காக அந்தப் பெண்ணை அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த 900-ஐ நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

கலிஃபோர்னியாவில் ஒரு கூடுதல் சிக்கல்

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இருப்பதிலேயே கடுமையான கலிஃபோர்னியாவை மட்டும் சொல்கிறேன். அங்கே 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது, அதற்குப் பிந்தையவற்றுக்கு உண்டு. பழைய எம்ஜிபி தப்பித்துவிடும், மியாட்டா தப்பாது. கார் கைமாறும்போது 90 நாளுக்குள் எடுத்த புகைச் சான்றிதழைத் தர வேண்டியது விற்பவரின் பொறுப்பு.

சோதனையில் புகையை மட்டும் அளப்பதில்லை, பானெட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார்கள். எஞ்சினில் வெளியிலிருந்து வாங்கி மாட்டிய பாகம் இருந்தால், அதற்கு மாநிலக் காற்றுவள வாரியம் கொடுத்த அனுமதி எண் ஒட்டியிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத டர்போ எவ்வளவு சுத்தமாகப் புகை விட்டாலும் தேறாது. இந்த ஒரு ஸ்டிக்கர் இருப்பதும் இல்லாததும் ஆயிரக்கணக்கில் விலையை மாற்றும். அதனால்தான் அங்கே சிலர் விற்பதற்கு முன் டர்போவைக் கழற்றி, பழையபடி மாட்டி, சான்றிதழ் வாங்கிவிட்டு, டர்போவைத் தனியாக விற்கிறார்கள். மறுபடியும் அந்த அட்டைப்பெட்டி!

இன்னொன்று. விற்றதும் ஐந்து நாளுக்குள் ‘கைமாற்றிவிட்டேன்’ என்று மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் தப்பான இடத்தில் நிறுத்திய அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும். நம்மூர் ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு முழிக்கிறோமே, அதே கதைதான்.

விளம்பரம் எழுதுவது எப்படி

அகெர்லாஃபின் சிக்கலுக்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. வாங்குபவருக்குத் தெரியாத பகுதியைச் சுருக்கினால் விலை ஏறும். ‘நல்லா மெயின்டெய்ன் பண்ணின கார்’ என்று எழுதுவதால் எதுவும் சுருங்காது. மோசமான கார் வைத்திருப்பவனும் அதையே எழுதலாம், செலவில்லை. மோசமான காருக்குப் போலி செய்ய முடியாத தகவல்தான் மதிப்புள்ளது. என் பட்டியல் இது:

1. நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்கள், எடுத்த தேதியோடு. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம்.

2. ராக்கர் பேனலின் கீழ்ப்பக்கப் படங்கள், நல்ல வெளிச்சத்தில். துரு இருந்தால் அதன் படத்தை முதலிலேயே போடுங்கள்.

3. மாற்றங்களின் பட்டியல். என்ன, எப்போது, யார் மாட்டியது, எத்தனை மைலில். ‘நானே மாட்டினேன்’ என்பதில் கேவலம் எதுவும் இல்லை. மறைத்தால்தான் சந்தேகம்.

4. பெட்டியில் இருக்கும் பழைய பாகங்களின் பட்டியலும் படமும்.

5. வேலை செய்யாதவற்றின் பட்டியல். ஏசி, ஜன்னல் மோட்டார், ஒரு பக்கம் மட்டும் எழும் முகப்பு விளக்கு, எதுவானாலும்.

6. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் வீடியோ. வாங்குபவர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். அது இங்கே இல்லை என்று காட்டிவிடலாம்.

7. ‘உங்கள் மெக்கானிக்கிடம் தாராளமாகக் காட்டிக்கொள்ளுங்கள், செலவு உங்களுடையது’ என்ற ஒரு வரி. மோசமான கார் வைத்திருப்பவனுக்கு இந்த வரியை எழுதக் கை வராது.

டர்போ காருக்கு எட்டாவதாக ஒன்று. தனி ஈசியூ போட்டிருந்தால் அதன் டியூனிங் ஃபைலைக் காரோடு கொடுங்கள். மெகாஸ்குவர்ட் என்று, நாமே சால்டரிங் செய்து கட்டக்கூடிய ஈசியூ ஒன்று மியாட்டாக்காரர்களிடம் பிரபலம். எந்த வேகத்தில், எவ்வளவு காற்றழுத்தத்தில் எத்தனை பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்ற அட்டவணை முழுக்க ஒரு சின்ன ஃபைலில் இருக்கும். அதுதான் அந்த எஞ்சினின் மூளை. விற்பவர் லேப்டாப்போடு அதுவும் போய்விட்டால், வாங்கியவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஃபைல், அதைத் திறக்கும் மென்பொருளின் பெயர், இணைக்கும் கேபிள் மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை.

பிரித்து விற்பதா?

கணக்கை மட்டும் பார்த்தால் இதுதான் அதிக லாபம். கம்பெனி ஹார்ட் டாப் தனியாகவே சில ஆயிரம் டாலர் போகும். பெரிய டிஃபரன்ஷியல், காயில்ஓவர், சக்கரம், சீட், டர்போ என்று ஒவ்வொன்றையும் அதைத் தேடுகிறவரிடம் விற்றால், மொத்தக் காருக்கு வருவதை விட அதிகம் வரும். ஒவ்வொரு பாகமும் தன் ருசிக்காரரைத் தனியாகக் கண்டுபிடிக்கும், அதனால்தான்.

இதில் இரண்டு வழி இருக்கிறது. மாற்றிய பாகங்களை மட்டும் விற்று, பெட்டியில் இருப்பதை மாட்டிக் காரைப் பழையபடி விற்பது ஒன்று. இது எல்லோருக்கும் நல்லது. வெறும் பாடி மட்டும் மிஞ்சும்வரை பிரித்துவிட்டு, மீதியைக் காயலான் கடைக்கு அனுப்புவது இன்னொன்று. ராக்கர் பேனல் அரித்துப்போன காருக்கு இது சரி. அதன் பாகங்கள் வேறு நாலு காரை ஓட வைக்கும். உறுதியான பாடியை இப்படி அனுப்புவதுதான் எனக்கு உறுத்துகிறது. இனிமேல் புதிதாக ஒரு என்ஏ பாடி தொழிற்சாலையிலிருந்து வரப்போவதில்லை. இருக்கிற எண்ணிக்கையிலிருந்துதான் ஒவ்வொன்றும் கழிகிறது.

இதெல்லாம் பார்த்தபின், மாற்றமே செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 11,000 டாலர் ஆறு வருஷ சந்தோஷத்துக்குக் கொடுத்த கட்டணம். சினிமா டிக்கெட்டை யாரும் திருப்பி விற்பதில்லை. அதை முதலீடு என்று எழுதி வைத்துக்கொண்டு, விற்கும் நாளில் வாங்க வந்தவரிடம் வசூலிக்கப் பார்ப்பதுதான் தகராறு.

இப்போது கார் வைத்திருந்து, விற்கும் எண்ணம் துளியும் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நோட்டும், ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் கழற்றினாலும் பெட்டிக்குள், எதை மாட்டினாலும் தேதியோடு நோட்டில். இந்தக் காரில் அடுத்து உட்காரப்போகிறவர் யார் என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியாது. அவருக்கு உதவப்போவது அந்த நோட்டுதான்.